நிலைக்குப் பக்கத்தில் அம்மா

ஈரச் சாக்கில் சுற்றி, வாழைமட்டைக்குள் வைத்துக் கட்டிய வெற்றிலைக்கு ஒரு வாசம் உண்டு. பச்சையும் காரமுமாய், கொஞ்சம் சேற்றின் நெடியும் கலந்து, மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, சிம்மக்கல்லில் நாங்கள் குடியிருந்த வளவின் நடைக்குள் நுழைந்ததுமே அந்த வாசம் அடித்துவிட்டால், புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே ஓட ஆரம்பிப்பேன். மாமா வந்திருக்கிறார் என்று அர்த்தம். தவமணி மாமா, என் அம்மாவின் ஒரே அண்ணன். சோழவந்தான் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். மதுரைக் கடைகளுக்கு வெற்றிலை போட்டுவிட்டு, கடைசிக் கட்டைத் தங்கச்சிக்கென்று ஒதுக்கி எடுத்துக்கொண்டு வருவார். எங்கள் வீட்டில் வெற்றிலை போடுகிறவர்கள் யாரும் கிடையாது. ஆனாலும் அம்மா அதை வளவு முழுக்கப் பங்குவைத்துக் கொடுப்பாள், "எங்கண்ணன் கொண்டாந்துச்சு" என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்து. வெற்றிலையைவிட அந்த வாக்கியத்தைக் கொடுக்கத்தான் அவளுக்கு ஆசை என்று இப்போது நினைக்கிறேன்.

வளவு என்றால் மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே நீளமான முற்றம், முற்றத்தின் இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், எல்லாருக்கும் சேர்த்து ஒரு குழாய். அப்பா லோடு ஆட்டோ ஓட்டினார், அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்தாள், நான் ஒற்றைப் பிள்ளை. வளவுக்காரர் மோசமான மனிதர் இல்லை. வாடகை கொஞ்சம் பிந்தினால்கூட முகம் சுளிக்க மாட்டார். ஆனால் சுவரில் ஆணி அடித்தால் மட்டும் அவர் உடம்பிலேயே அடித்த மாதிரி துடித்துப்போவார். "காரை பேந்துரும், ஆணி கூடாது" என்பதுதான் குடிவைக்கும்போது அவர் சொல்லும் முதல் நிபந்தனை. அதனால் எங்கள் காலண்டர் சன்னல் கம்பியில் தொங்கியது. கடிகாரம் அலமாரித் தட்டில் சாய்ந்து நின்று மணி காட்டியது. அம்மா அப்பாவின் கல்யாண போட்டோ, கண்ணாடிச் சட்டத்தோடு, பழைய சேலையில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. பொங்கலுக்கு வீடு கழுவும்போது வெளியே வரும், துடைக்கப்படும், மறுபடி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும்.

"எலி வளையானாலும் தனி வளை வேணும்" என்று வளவில் இருந்த பெரியவர்கள் குழாயடியில் சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். அம்மா அவ்வளவு பெரிய பேச்செல்லாம் பேசமாட்டாள். "நம்ம வீடுன்னு ஒண்ணு வரட்டும், மொத வேலையா நடுச்செவுத்துல ஒரு ஆணி அடிக்கிறேன்" என்பாள். சொந்த வீடு என்பதற்கு அவளுக்குத் தெரிந்த பொருள் அதுதான்.

நான் இரண்டாம் வகுப்புப் படித்தபோது மாமா ஊரில் ஒரு வீடு கட்ட ஆரம்பித்தார். அவர் குடியிருக்கத் தளம் போட்ட வீடு ஏற்கெனவே இருந்தது. இது அதற்குப் பக்கத்தில், தாத்தா விட்டுப்போன காலி இடத்தில், வாடகைக்கு விடுவதற்காக. தாத்தா விட்டுப்போனது என்றால் அதில் அம்மாவுக்கும் பங்கு உண்டு என்பது சட்டம். பெண்பிள்ளைக்குச் சீர் உண்டு, பங்கு கிடையாது என்பது எங்கள் பக்கத்து நடப்பு. அம்மா சட்டத்தைக் கேள்விப்பட்டதில்லை, கேள்விப்பட்டிருந்தாலும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டாள். வீடு கட்ட அரசாங்கம் பணம் தருகிறது என்று மாமா சொன்னபோது, தனக்கே கிடைத்தது போல வளவு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கல்யாணமாகி மதுரைக்கு வந்த பிறகும் அம்மாவின் பெயர் ஊர் ரேஷன் கார்டிலேயே இருந்தது. நீக்கித் தரச் சொல்லி அப்பா எப்போது கேட்டாலும் மாமாவுக்குக் கண் கலங்கிவிடும். "ஏன் மாப்ள பேரை எடுக்கச் சொல்றீக? அதுவும் போச்சுன்னா எந்தங்கச்சி எங்க வீட்டுப் புள்ளையே இல்லைன்னு ஆயிரும்" என்பார். அப்பா பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார். வீட்டு வேலை தொடங்கியபோது, பேங்கில் சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டும் என்று அம்மாவை இரண்டு மூன்று தடவை சோழவந்தானுக்குக் கூட்டிப்போனார். அம்மா அவர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, திரும்பி வரும்போது எனக்குக் கடலை மிட்டாயோடு வந்து சேர்ந்தாள். பிற்பாடு இதைப் பற்றி யாரோ குத்திக் காட்டியபோது, "கூடப் பொறந்தவன் நீட்டுற பேப்பரை வாசிச்சுப் பாத்துட்டா கையெழுத்துப் போடுவாக?" என்று கேட்டாள்.

வீடு கட்டுகிறவர்களுக்கு வாசல் நிலை நிறுத்துகிற நாள்தான் பெரிய நாள். எங்கள் பக்கத்தில் அந்த வீட்டில் பிறந்த பெண்ணுக்குத்தான் அன்றைக்கு முதல் மரியாதை. அவள் புதுச்சேலை உடுத்தி, நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, பக்கத்தில் நிற்பாள். "பொறந்த பொண்ணு கை படாத நிலை நிக்காது" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட நாளில் அம்மா அரக்கு நிறச் சேலையில் நின்றாள். மாமா எடுத்துக்கொடுத்த சேலை. அவள் கையெல்லாம் மஞ்சள். புதுச் செங்கல்லின் மேல் ஊற்றிய தண்ணீர் ஆவியாகி, மண்ணும் சிமெண்டுமாய் ஒரு வாசம் வந்துகொண்டிருந்தது. நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமாவின் மகன் கார்த்தி தேங்காய்ச் சிரட்டைக்காகக் காத்திருந்தான். அவன் தங்கச்சி மலர் என் வயதுக்காரி, தானும் நிலைக்கு மஞ்சள் பூச வேண்டும் என்று அழுதுகொண்டிருந்தாள். "ஒங்கண்ணன் வீடு கட்டுறப்ப நீ பூசலாம்டி" என்று அத்தை அவளை இழுத்து வைத்துக்கொண்டாள்.

அப்போது வேலையைப் பார்வையிட ஒருவர் வந்தார். அரசாங்கப் பணம் என்பதால் நிலை மட்டம், தளம், பூச்சு என்று ஒவ்வொரு கட்டத்திலும் வந்து போட்டோ எடுத்தால்தான் அடுத்த தவணை வருமாம். கையில் பெரிய செல்போன். வெயிலில் வந்த களைப்பு அவருக்கு. "அந்த அம்மாவை நிலைக்குப் பக்கத்துல நிக்கச் சொல்லுங்க" என்றார். நகர வேண்டிய அவசியமே இருக்கவில்லை, அம்மா ஏற்கெனவே அங்கேதான் நின்றாள். மாமா ஓடிவந்து அவள் முந்தானையைச் சரிசெய்து, "நேரா பாருத்தா, சிரிச்ச மாதிரி நில்லு" என்றார். அம்மா சிரித்தாள். என் வாழ்நாளில் அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

பால் காய்ச்சுகிற நாளன்று இன்னொரு அதிசயம். வீட்டின் முன்சுவரில் நீலப் பெயிண்டில் பெரிதாக என்னவோ எழுதியிருந்தது. நான் அப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியிருந்தேன், கடைப்பலகை, பஸ் பலகை எதையும் விடமாட்டேன். மேலே இருந்த திட்டத்தின் பெயர் நீளமாக இருந்ததால் அதை விட்டுவிட்டு, கீழே இருந்ததைக் கத்தி வாசித்தேன். பாண்டிச்செல்வி. என் அம்மாவின் பெயர். அம்மா முதலில் நம்பவில்லை. பக்கத்தில் போய் எழுத்துகளின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பெயிண்ட் காய்ந்திருந்தது. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடைசித் தவணைக்காக அன்றைக்கும் போட்டோ எடுக்க வந்திருந்தவர், அழுகை ஓய்ந்ததும் அவளை அந்த எழுத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி எடுத்துக்கொண்டார். ஊரில் சிலர் வீட்டுக்குப் பெற்ற தாயின் பெயரை வைப்பார்கள், பெண்டாட்டி பெயரை வைப்பார்கள். தங்கச்சி பெயரை வைத்த அண்ணன் எங்கே இருக்கிறான்? "என்னண்ணே இது?" என்று அவள் கேட்டதற்கு, மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே, "பொறந்த பொண்ணு பேரு இல்லாம வீடு வெளங்குமாத்தா?" என்றார். அந்த வார்த்தையை அம்மா பல வருஷம் வளவின் குழாயடியில் வைத்துப் பேசிப் பேசித் தேய்த்திருக்கிறாள். அத்தை அந்த நேரம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை.

நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு எங்களுக்கும் ஒரு காலம் வந்தது. திருப்பரங்குன்றத்தைத் தாண்டி, வீடில்லாதவர்களுக்காக அரசாங்கம் அடுக்குமாடி கட்டுகிறது என்ற செய்தியை அப்பாவின் ஆட்டோ ஸ்டாண்டு நண்பர் ஒருவர் கொண்டுவந்தார். பெரும்பகுதி மானியம், மீதியைச் சிறுகச் சிறுகக் கட்டினால் போதும். வீடு பெண்ணின் பெயருக்குத்தான் கிடைக்கும். முக்கிய நிபந்தனை ஒன்றுதான். குடும்பத்தில் யார் பெயரிலும், நாட்டில் எந்த மூலையிலும், சொந்த வீடு இருக்கக் கூடாது. அம்மா அதைக் கேட்டுச் சிரித்தாள். "இந்த ஒரு பாடத்துல நமக்குத்தான் மொத மார்க்கு" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் லோடு ஆட்டோவின் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து கட்டடத்தைப் பார்க்கப் போனோம். பூச்சுவேலை முடியாமல், சன்னல்கள் எல்லாம் ஓட்டையாய்த் தெரிந்தன. காவலாளி உள்ளே விடவில்லை. அம்மா ரோட்டில் நின்றபடியே மாடிகளை அண்ணாந்து பார்த்து, மலை தெரிகிற பக்கமாய் ஒரு சன்னலைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாள். "அந்தா, கம்பி நீட்டிக்கிட்டு இருக்கே, அது நம்ம வீடு" என்றாள். வீடுகளைக் குலுக்கலில்தான் கொடுப்பார்கள் என்று அப்பா சொன்னார். "குலுக்கட்டும், அதுதான் விழும்" என்றாள். திரும்பும் வழியில் ஒரு இரும்புக்கடையில் நிறுத்தச் சொல்லி ஒரு பொட்டலம் ஆணி வாங்கினாள். "கூரை ஏறிக் கோழி புடிக்கல, அதுக்குள்ள வைகுண்டமா?" என்று அப்பா கேலி செய்தார். ஆனால் காசு கொடுத்தது அவர்தான். அன்று ராத்திரி சாப்பாட்டின்போது கல்யாண போட்டோவை எந்தச் சுவரில் மாட்டுவது என்று இரண்டு பேருக்கும் சண்டையே வந்துவிட்டது.

விண்ணப்பத்தைச் சரிபார்க்கக் கூப்பிட்டிருந்த நாளில் என்னையும் கூட்டிப்போனார்கள். கணினிக்கு முன் ஓர் இளம்பெண் அதிகாரி இருந்தார். அம்மாவின் ஆதார் நம்பரைத் தட்டினார், திரையைப் பார்த்தார், மறுபடி தட்டினார். "உங்களுக்கு ஏற்கெனவே வீடு குடுத்தாச்சேம்மா" என்றார்.

வேறு யாரோ அதே பெயரில் இருப்பார்கள் என்று அப்பா சொன்னார். பாண்டிச்செல்விக்கு மதுரையில் என்ன பஞ்சமா? அந்தப் பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அரக்குச் சேலை. மஞ்சள் பூசிய நிலை. மாவிலை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு, முன்பல் விழுந்த வாயோடு நான். அடுத்த படத்தில் நீல எழுத்துக்குப் பக்கத்தில், அழுது முடித்த முகத்தோடு அம்மா.

அம்மாவுக்கு அப்போதும் விளங்கவில்லை. உண்மையில் அவள் முகம் மலர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும், அந்தப் படத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. "இது எங்கண்ணன் வீடு" என்றாள்.

"அண்ணன் வீட்டுல உங்க பேரு எதுக்கும்மா இருக்கு?"

"பாசத்துல வச்சது."

அந்த அதிகாரி சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாக, வீடு அம்மாவுக்கென்று ஒதுக்கப்பட்டது, பணமெல்லாம் அம்மாவின் பேங்க் கணக்குக்கே வந்து எடுக்கப்பட்டிருக்கிறது, ஒரு முறை வாங்கியவருக்கு மறுமுறை கிடையாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அவளுடைய சிரிப்பு படத்தில் அப்படியே இருந்தது. இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளின் முகத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்த நிமிஷத்துக்காக மாமாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பணத்தை எடுத்துக்கொண்டதைக்கூட விட்டுவிடலாம். அம்மாவின் வாழ்க்கையிலேயே பெருமையான இரண்டு நாட்களை எடுத்து, அவற்றை வைத்தே அவள் வீட்டைப் பிடுங்கியதை எப்படி விடுவது?

அன்றைக்கே பஸ் ஏறி ஊருக்குப் போனோம். மாமா கொடிக்காலுக்குள் நின்று, அகத்தி மரத்தில் கொடியை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரே பச்சை இருட்டு. எனக்குப் பிரியமான அந்த வெற்றிலை வாசம் குப்பென்று அடித்தது. அம்மா வணக்கம் குசலம் எதுவும் இல்லாமல், "அண்ணே, அந்த வீடு யாரு வீடு?" என்று கேட்டாள்.

மாமா புரிந்துகொண்டார். மறுக்கவும் இல்லை. "ஒன் வீடுதாத்தா. பேரு போட்டிருக்கேன்ல?" என்று சிரிக்கப் பார்த்தார்.

"அப்ப சாவியக் குடுங்க மச்சான்" என்றார் அப்பா.

மாமாவுக்கு அதுவரை இருந்த முகம் வேறு, அதற்குப் பிறகு இருந்த முகம் வேறு. "பேரைத்தானே மாப்ள வாங்குனேன், சோத்தையா புடுங்குனேன்? எம்பேருல ஏற்கெனவே வீடு இருந்துச்சு, தர மாட்டேன்னாங்க. தங்கச்சி பேரு சும்மாதானே கெடந்துச்சு? அவ சீரு, செனத்தி, இந்தா நிக்கிற புள்ளை காதுல கெடக்குற தோடு, இதெல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு நெனைக்கிறீக?" என்று கேட்டார். என் கை தானாகக் காதுக்குப் போனது. அவர் மடியில் உட்கார வைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். குத்தும்போது அழுதவர் அவர், நான் இல்லை என்று அம்மா சொல்வாள்.

அண்ணன் ஏமாற்றினார் என்று எழுத்தில் புகார் கொடுத்தால் விசாரித்து அம்மாவின் பெயரை நீக்குவோம், ஆனால் போலீஸ் வரைக்கும் போகலாம் என்று அந்த அதிகாரி சொல்லியிருந்தார். அதை அப்பா சொன்னதும் மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார். "எழுதிக் குடு செல்வி. அண்ணனைக் களி திங்க வச்சிட்டு நீ மாடியில போயி இரு" என்றார். அப்பாவிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னார். எங்கே அடித்தால் விழும் என்று கூடப்பிறந்தவனுக்குத் தெரியாதா?

அம்மா எழுதிக் கொடுக்கவில்லை. அப்பா எடுத்துச் சொன்னார், பிறகு கத்தினார், பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். அம்மா மீதும் எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த வயதில் நான் பார்த்ததெல்லாம், ஒரு கையெழுத்துப் போட்டால் வீடு கிடைக்கும், இவள் போட மாட்டேன் என்கிறாள் என்பதுதான். அண்ணன் நீட்டியதிலெல்லாம் போட்டவளுக்கு இதில் மட்டும் ஏன் கை வரவில்லை என்று முகத்துக்கு நேரே கேட்டேன். "கையெழுத்தை வச்சுக் கூடப் பொறந்தவளக் கவுத்தது அவன். அதையே நானும் செய்யவா?" என்றாள். அரசாங்கத்தின் மீதும் கோபம்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆள் அனுப்பிச் சுவரின் உயரத்தை அளந்து பார்த்தார்கள். வெயிலில் நிலைக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவிடம், "நீ எங்கம்மா குடியிருக்கே?" என்று ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால், "சிம்மக்கல்லு வளவுல" என்று அவள் பெருமையாகவே சொல்லியிருப்பாள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வெற்றிலை வாசம் வரவில்லை. வளவில் யாராவது, "என்ன, ஒங்கண்ணனைக் காணோம்?" என்று கேட்டால், "கொடிக்கால்ல வேலை" என்பாள். எம்புட்டு வருஷம்தான் ஒரு மனிதனுக்குக் கொடிக்காலில் வேலை இருக்கும்? ஒரு கட்டத்தில் கேட்பவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். நான் தோட்டைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டேன். அம்மா திரும்பப் போடச் சொல்லவில்லை.

இப்போது அந்த வளவே இல்லை. இடித்துவிட்டு மூன்று மாடிக்குக் கடைகள் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் திருப்பரங்குன்றம் பக்கமாய் வந்துவிட்டோம், வாடகைக்குத்தான். நான் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். அம்மா ஆசைப்பட்ட சன்னல் நான் வேலைக்குப் போகிற பாதையில்தான் இருக்கிறது, யாரோ அதில் துளசி வைத்து வளர்க்கிறார்கள். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குச் சோழவந்தான் பக்கம் போனபோது மாமா கட்டிய வீட்டையும் பார்த்தேன். குடியிருப்பவர்கள் பச்சை வண்ணம் அடித்துவிட்டார்கள், சுவரில் அம்மாவின் பெயர் இல்லை. கம்ப்யூட்டரில் மட்டும் அவள் இன்றைக்கும் சொந்த வீட்டுக்காரி. இங்கேயும் வீட்டுக்காரர் ஆணி அடிக்கக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார். அந்தப் பொட்டலம் டிரங்குப் பெட்டிக்குள், போட்டோவுக்குப் பக்கத்தில், துருப்பிடித்துக் கிடக்கிறது.

போன மாதம் ஒரு சாயங்காலம் கதவைத் திறந்தபோது வெற்றிலை வாசம் அடித்தது. ஒரு நொடி எனக்கு ஏழு வயதாகிவிட்டது. வாசலில் நின்றது கார்த்தி, கையில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்குப் பழம். மாமாவுக்கு நடமாட்டம் குறைந்துவிட்டதாம். இவன் புதிதாக வீடு கட்டுகிறானாம், வருகிற முகூர்த்தத்தில் நிலை வைக்கிறார்களாம். "அத்தே, பழசையெல்லாம் மறந்துட்டு வரணும்" என்றான். நல்ல பையன், உண்மையாகவே கூப்பிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றியது. அம்மா அவனை உட்காரச் சொல்லி, காபி போட்டுக் கொடுத்தாள். அவனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"நிலைக்கு யாரு நிக்கிறா?" என்று கேட்டாள்.

"மலர்தான் அத்தே, கைப்புள்ளையோட வந்திருக்கா. மதியந்தான் சேலை எடுத்துட்டு வாரேன்."

"அரசாங்கப் பணமா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "ஆமா அத்தே" என்றான்.

யார் பெயரில் என்று அம்மா கேட்கவில்லை. தாம்பாளத்தை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அவன் தெருவில் இறங்கி வண்டியைக் கிளப்பும்வரை வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து, என் செல்போனை எடுத்து என்னிடமே நீட்டி, மலருக்குப் போடச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டு ஆட்களோடு அவள் பேசிய முதல் போன் அது.

"மலரு, அத்தை பேசுறேன். நிலைக்கு நீ நிக்கிறியாம், நல்லா நில்லு. மஞ்சப் பூசு, சேலைய வாங்கிக்க" என்றாள். மறுமுனையில் மலர் என்னவோ சந்தோஷமாகச் சொல்வது எனக்கும் கேட்டது. அம்மா அது முடியும்வரை காத்திருந்தாள்.

"போட்டோ எடுக்க ஆளு வந்தா மட்டும், புள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய போயிருத்தா."